பிழை ஏதும் இல்லை

ஒரு தப்பு நடந்தால் அது சத்தம் போட வேண்டும் என்று நினைக்கிறவள் நான். எனக்குக் கோபம் வந்தால் கம்பம் மெயின் பஜார் வரைக்கும் கேட்கும். கமுக்கமான ஆட்களையும் பிடிக்காது, கமுக்கமான மெஷின்களையும் பிடிக்காது. ஆண்டவர் பார்த்து எனக்குக் கொடுத்த வீட்டுக்காரர் பொன்னுராஜ் இதற்கு நேர் எதிர். நல்லதுக்கும் 'ம்', கெட்டதுக்கும் 'ம்'.

கம்பத்தில் எங்களுக்கு எலெக்ட்ரிக் கடை. முன்பக்கம் ஒயர், சுவிட்சு, மோட்டார் வியாபாரம். பின்பக்க அறையில் அவர் ஏலக்காய் ஸ்டோர்களுக்குக் கண்ட்ரோல் பெட்டி செய்வார். ஸ்டோர் என்றால் கடை இல்லை. கம்பம்மெட்டைத் தாண்டி மலையில், பறித்த பச்சைக் காயைக் காய வைக்கிற கட்டடத்துக்கு அங்கே அந்தப் பேர். உள்ளே கேஸ் பர்னர் எரியும். தட்டுத் தட்டாக அடுக்கிய காய்க்குள் ஃபேன் அந்தச் சூட்டைத் தள்ளும். சூடு அளவைத் தாண்டினால் கேஸை அடைப்பதும், இறங்கினால் திறந்துவிடுவதும் பெட்டியின் வேலை. பெட்டிக்குள் இருக்கிற சின்ன சிப்புக்கு ப்ரோக்ராம் எழுதுவதும் இவர்தான். ஐடிஐ படித்துவிட்டு, மீதியை யூடியூப் பார்த்தே கற்றுக்கொண்டார்.

நான் எம்.சி.ஏ. வீட்டில் உட்கார்ந்து ஒரு சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். மிச்ச நேரத்தில் ஒரு ஓப்பன் சோர்ஸ் கம்பைலருக்கு உழைக்கிறேன். சம்பளம் கிடையாது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற பத்திருபது பேர் சேர்ந்து அதைப் பராமரிக்கிறோம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நாம் எழுதுகிற ப்ரோக்ராமை சிப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவதுதான் கம்பைலர். தப்பாக எழுதியிருந்தால், இந்த வரியில் இந்தத் தப்பு என்று சிவப்பில் சொல்லிவிட்டு, மாற்றித் தரமாட்டேன் என்று நின்றுவிடும். இவரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்.

அது இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தது. "என்னமோ வையுது, என்னான்னுதான் வெளங்கல" என்று இவர் ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிடுவார். சோற்றை இறக்குவதா, இவருக்கு வியாக்கியானம் சொல்வதா? எரிச்சலில் உட்கார்ந்து அந்தப் பிழைச் செய்திகள் அத்தனையையும் தமிழில் எழுதினேன். மற்றவர்கள் சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டார்கள், புது வெளியீட்டிலும் வந்துவிட்டது. "நிறுத்தற்குறி விடுபட்டுள்ளது" என்று முதல் தடவை சிவப்பில் தமிழ் வந்தபோது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் பெருமையாகச் சொன்னேன். "இனிமே என்னையக் கூப்புடாதீக. சிவப்பா ஒண்ணும் வரலேன்னா தைரியமா சிப்புல ஏத்துங்க."

அந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போது கூட என் விரல் கூசுகிறது.

போன மாதம், மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு நாள். பறிப்பு உச்சத்தில் இருந்தது. காலையில் ஜெபம் முடித்துவிட்டு, பெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு இவர் மலைக்குப் போய்விட்டார். எஸ்டேட் முதலாளி முந்தின நாளே நாலைந்து தடவை போன் போட்டு நச்சரித்திருந்தார். பச்சைக் காய் குவிந்து கிடக்கிறது, ஒரு நாள் தாமதித்தாலும் பூசணம் பிடித்துவிடும் என்று புலம்பல்.

வீட்டு வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். ஜார்ஜியா நாட்டிலிருந்து ஒருவர் கம்பைலரைப் பற்றி ஒரு குறை எழுதியிருந்தார். அவர்கள் மொழியிலும் செய்திகளை மாற்றியிருக்கிறார்களாம். வேண்டுமென்றே தப்பாக எழுதிய ப்ரோக்ராமைக் கொடுத்தாலும் சில நேரம் 'பிழை ஏதும் இல்லை' என்று சொல்லிவிடுகிறதாம். இங்கிலீஷில் வைத்தால் ஒழுங்காகத் திட்டுகிறதாம்.

தோண்டிப் பார்த்தேன். காரணம் கிடைக்க வெகுநேரம் ஆகவில்லை. பிழைச் செய்தியை முதலில் ஒரு டப்பாவில் எழுதிக்கொள்வார்கள். யாரோ எந்தக் காலத்திலோ அதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷ் எழுத்து ஒன்று ஓரிடம் பிடிக்கும், எந்தச் செய்தியும் உள்ளே அடங்கிவிடும். நம் எழுத்தோ மூன்று இடம் பிடிக்கும், கொம்பும் காலும் சேர்ந்தால் இன்னும் கூட. ஜார்ஜியாக்காரர் எழுத்தும் அப்படித்தான். சின்னச் செய்தி அடங்கும். நீளமான செய்தி அடங்காது. அடங்கவில்லை என்றால் அந்த இடத்திலேயே மூச்சுக் காட்டாமல் திரும்பிவிடுகிறது. பிழையை எண்ணிக் கணக்கில் சேர்க்கிற வரி அதற்கு அடுத்துத்தான் இருக்கிறது.

இதில் என்ன வினை என்றால், ஒரு பிழையைக் கண்டதும் கம்பைலர் அந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்து மேற்கொண்டு படிக்கும். மீதிப் பிழைகளையும் ஒரே தடவையில் சொல்லிவிடலாமே என்று. கடைசியில் எத்தனை பிழை என்று பார்க்கும். எண்ணவே இல்லை என்றால் பூஜ்யம். பூஜ்யம் என்றால் தாண்டிக் குதித்த பகுதியை அப்படியே விட்டுவிட்டு, மிச்சத்தை மாற்றிக் கையில் கொடுத்து, பிழை ஏதும் இல்லை என்று பச்சையில் எழுதிவிடும்.

திருத்தம் சின்னதுதான். எண்ணுகிற வரியை மேலே தூக்கிப் போட்டேன். செய்தி எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு டப்பாவும் பெரிதாகும்படி மாற்றினேன். சோதனைகள் எல்லாம் தேறின, திருத்தத்தை அனுப்பிவிட்டேன். எனக்கு ஒரே குஷி. நிஜமான ப்ரோக்ராம் ஒன்றையும் ஓட்டிப் பார்ப்போமே என்று, கடைக் கம்ப்யூட்டரிலிருந்து இவர் முந்தின நாள் எழுதியதை எடுத்துப் புதுக் கம்பைலரிடம் கொடுத்தேன்.

சிவப்பு வந்தது.

"இந்த இடத்தில் எண் மட்டுமே வர வேண்டும், எண்ணோடு வேறு எழுத்து ஒட்டியிருப்பதால் இந்தப் பகுதி முழுவதும் தவிர்க்கப்பட்டது." நானே எழுதிய வாக்கியம். முதலில் சிரித்தேன். என் திருத்தம் வேலை செய்கிறது என்று சிரித்தேன். அப்புறம்தான் அது எந்த இடம் என்று பார்த்தேன்.

இவர் 65C என்று எழுதியிருந்தார். பெட்டி மேல் மார்க்கரில் எழுதுகிற பழக்கத்தில் எண்ணையும் எழுத்தையும் சேர்த்து எழுதிவிட்டார். சூடு அறுபத்தைந்தைத் தாண்டினால் கேஸை அடை என்கிற பகுதி அது. பழைய கம்பைலர் அந்தப் பகுதி முழுவதையும் விட்டுவிட்டு மீதியை மாற்றிக் கொடுத்திருக்கிறது. பெட்டி பர்னரைப் பற்ற வைக்கும், ஃபேனைச் சுற்றும், சூட்டை டிஸ்ப்ளேயில் காட்டும். கேஸை மட்டும் அடைக்காது.

முந்தின நாள் சாயங்காலம் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் திரையில் அந்தப் பச்சை வரியை நான் பார்த்தேன். எப்போதும் இவர் சூட்டை அளக்கிற சென்சாரைச் சூடான டீயில் முக்கிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை மூடுவார். அன்றைக்கு முதலாளி அவசரம். "சிவப்பு ஒண்ணும் வரலல்ல" என்று கேட்டார். "வரல" என்று நான்தான் சொன்னேன். டீயை அவர் குடித்துவிட்டார்.

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதே. முதலாளிக்குப் போட்டேன், எடுத்தார். "மழையில டவர் போயிருக்கும்மா. சாயந்தரம் எறங்கி வந்துருவாக" என்றார். பெட்டி கேஸை அடைக்காது, தீப்பிடித்துவிடும் என்று கத்தினேன். அவர் பதறவே இல்லை. "பெட்டியில எதுவும் காட்டுச்சாம்மா?" என்றார். போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

எனக்கு அந்த ஸ்டோர் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை இவரோடு போயிருக்கிறேன். மழை நாளில் மலைக்குளிர் எலும்பில் இறங்கும். பறிக்கிற பொம்பளையாட்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஸ்டோருக்குத்தான் வருவார்கள். காயறைக்கும் முன்னறைக்கும் நடுவில் பலகையும் தகரமும் அடித்த சுவர் ஒன்று. அது வெதுவெதுப்பாக இருக்கும். மழைக்குத் தலையில் போட்டுவந்த நனைந்த பிளாஸ்டிக் கொங்காணிகளை அதில் மாட்டிவிட்டு, முதுகை அதில் ஒட்டி உட்கார்ந்து சோற்றுத் தூக்கைத் திறப்பார்கள். நானும் உட்கார்ந்து பார்த்தேன். சொர்க்கமாக இருந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், அணைக்க ஆளில்லாத தீ.

ஜீப் ஸ்டாண்டுக்கு ஓடினேன். குடை எடுக்கத் தோன்றவில்லை. காலையில் பொம்பளையாட்களோடு இவரையும் ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்த சுருளியாண்டி அங்கே வண்டியில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது அவருக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் பீடியைப் போட்டுவிட்டார்.

ஏறும்போது பஞ்சு மாதிரி மூடுபனி. முன்னால் காய்கறி லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது, தாண்ட வழியில்லை. ஒரு வளைவில் மரம் சாய்ந்து பாதி ரோட்டை அடைத்திருந்தது. நான் வாய்விட்டு ஜெபம் பண்ணினேன். நடுநடுவே லாரிக்காரனைத் திட்டினேன், ஆண்டவரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

"ஏக்கா, அண்ணன் ஒண்ணும் சின்னப் புள்ள இல்ல. சூடு ஏறுனா அவுகளுக்குத் தெரியாதாக்கும்?" என்றார் சுருளியாண்டி.

"தெரியாதுண்ணே. காயில ஈரம் இருக்குறவரைக்கும் சூடு அடங்கித்தான் நிக்கும். ஈரம் வத்துன பெறகு கிடுகிடுன்னு ஏறும். பெட்டி இருக்குன்னு யாரும் அதைப் பாக்க மாட்டாக."

அவர் லாரிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் வண்டியைச் செருகினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஸ்டோர் முற்றத்தில் ஜீப் நின்றபோது ஒரு புகையும் இல்லை. பச்சை ஏலக்காய் வாசம் கமகமவென்று வந்தது. முன்னறையில் ஏழெட்டுப் பெண்கள் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கங்காணி ஈஸ்வரபாண்டி கெட்டிலில் இருந்து பால் இல்லாத கட்டன் சாயா ஊற்றிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் ஒரு சாக்கு மேல் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். உயிரோடு இருக்கிறார் என்று கண்ணில் தண்ணீர் வந்தது. முறுக்கா தின்கிறீர் என்று கோபமும் வந்தது.

"கேஸ அடைங்க! மொதல்ல கேஸ அடைங்க!" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெட்டி சுவரில் சமர்த்தாகத் தொங்கியது. ஐம்பத்தொன்று என்று காட்டியது. மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன். டப்பா, எழுத்து, எண்ணிக்கை எல்லாம் எனக்கே பைத்தியக்காரி உளறல் மாதிரிக் கேட்டது.

ஈஸ்வரபாண்டிக்கு முகம் சுண்டியது. "நடுவுல நிப்பாட்டுனா காய் நெறம் செத்துப்போகும்க்கா. பச்சை போச்சுன்னா ஏலத்துல எவனும் ஏறெடுத்துப் பாக்க மாட்டான். முதலாளிக்கு நானில்ல பதில் சொல்லணும்? பெட்டியில ஒண்ணுமே காட்டலையே. பொன்னுராஜண்ணே, நீங்க சொல்லுங்க."

இவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். நாலு பேருக்கு முன்னால், தான் செய்த பெட்டி சரியில்லை என்று பெண்டாட்டி வந்து நிற்கிறாள். "நேத்து நீயுந்தானே பாத்த? ஒரு சிவப்பும் வரலையே" என்றார் மெதுவாக.

"வராது! வராததுதாங்க தப்பு!" என்று அழுதேன். "உங்களுக்கு என் மேல நம்பிக்கை இல்லேன்னா டீயில முக்கிப் பாருங்க. எப்பவும் பாப்பீகள்ல, அப்படிப் பாருங்க."

அவர் எழுந்தார். சுவர் ஓட்டை வழியாகச் சென்சார் ஒயரை உருவி வெளியே எடுத்தார். அதன் நுனியை ஈஸ்வரபாண்டி கையில் இருந்த கெட்டிலுக்குள் விட்டார். அறுபத்தைந்தைத் தாண்டியதும் 'டக்' என்று ஒரு சத்தம் வந்து பர்னர் அணைய வேண்டும். பெண்கள் கையில் எடுத்த சோற்றோடு டிஸ்ப்ளேயைப் பார்த்தார்கள்.

ஐம்பத்தெட்டு. அறுபத்திரண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் பர்னர் உறுமிக்கொண்டிருந்தது. அறுபத்தாறு. எழுபது. 'டக்' வரவில்லை. எழுபத்தைந்தைத் தாண்டியும் அந்த உறுமல் அப்படியே இருந்தது.

சுவரில் சாய்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து தள்ளி நின்றார்கள். இவர் வெளியே ஓடி சிலிண்டர் வால்வைக் கையாலேயே மூடினார். உறுமல் நின்றது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

இவர் உள்ளே வந்தார். ஜன்னல் வழியாக மேலே மலையைப் பார்த்தார்.

"என்னங்க?"

"மேல ஸ்டோருக்கும் ஒரு பெட்டி. அவசரம்னு முதலாளி ரெண்டு கேட்டாரு. வந்ததும் மொதல்ல அங்கனதான் மாட்டுனேன். காலையிலயே பத்த வச்சாச்சு."

"அதே ப்ரோக்ராமா?"

"ம்."

ஈஸ்வரபாண்டி கையில் இருந்த கெட்டிலைக் கீழே வைக்கக் கூட இல்லை. "நான் இப்பத்தானே அங்கன போயிட்டு வந்தேன்" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார். "ராஜாத்தி சொன்னா. சொவரு ரொம்பச் சுடுது கங்காணின்னு சொன்னா. பெட்டியப் பாத்தேன், நம்பரு கூடித்தான் இருந்துச்சு, ஆனா தப்புன்னு ஒண்ணும் காட்டல. சும்மா ஒக்காரு புள்ளன்னு சொல்லிட்டு வந்தேன்."

ஈஸ்வரபாண்டியும் எங்களோடு ஏறிக்கொண்டார். மேல் ஸ்டோருக்குப் போகிற பாதை எஸ்டேட் மண்பாதை. ஜீப் ஒரு பக்கம் இழுத்தது, சுருளியாண்டி இன்னொரு பக்கம் இழுத்தார். இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுபடியில் நின்றபடியே வந்தார். நான் அவர் சட்டையை விடவில்லை. இரண்டு பெட்டி எடுத்துப்போவதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க நினைத்தேன், அதற்கெல்லாம் நேரமில்லை. ஒரு வளைவு தாண்டியதும் வாசம் மாறியது. ஏலக்காய் வாசம் இல்லை. பிளாஸ்டிக் கருகிய நாற்றம்.

தகரக் கூரையின் இடுக்கு எல்லாவற்றிலும் புகை வந்துகொண்டிருந்தது. பெண்கள் கொங்காணி இல்லாமல் கொட்டுகிற மழையில் நின்றார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கி வீசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைப் பிடித்து உலுக்கி, "சிலிண்டரு உள்ள பக்கம் இருக்கு, சிலிண்டரு!" என்று அலறினாள். இவர் காதில் அது விழுந்துவிட்டது. ஈரச் சாக்கு ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

நான் கத்தினேனா என்று தெரியவில்லை. உள்ளே தட்டுகள் சரிகிற சத்தம் கேட்டது. புகையில் வாசல் மறைந்துபோனது. கடையை மூடிவிடுகிறேன், கம்ப்யூட்டரை விற்றுவிடுகிறேன், இந்த ஆளை வெளியே அனுப்பும் ஆண்டவரே என்று என்னென்னமோ நேர்ந்துகொண்டேன். சுருளியாண்டி என் இரண்டு கையையும் பின்னால் பிடித்துக்கொண்டார், இல்லாவிட்டால் நானும் போயிருப்பேன். எவ்வளவு நேரமோ. இவர் தவழ்ந்து வெளியே வந்தார். புருவம் பொசுங்கியிருந்தது. "அடைச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு இருமி இருமி வாந்தி எடுத்தார்.

அதன் பிறகுதான் ராஜாத்தியைப் பார்த்தேன். அனுமந்தன்பட்டிக்காரர், நாற்பது வயது இருக்கும். ஒரு பாறை மேல் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். சாப்பிடும்போது சுவரில் மாட்டியிருந்த கொங்காணிகள் உருகிப் பற்றிக்கொண்டு அவர் தோளிலும் முதுகிலும் விழுந்திருக்கின்றன. ரவிக்கையும் பிளாஸ்டிக்கும் தோலும் எது எது என்று தெரியவில்லை. மழை அதன் மேல் பெய்துகொண்டிருந்தது. அவர் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு புஸ் புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஈஸ்வரபாண்டி தூரத்திலேயே நின்றுவிட்டார், கிட்டே வரவில்லை.

கம்பம் ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம். இவர் முன் சீட்டில் இருமிக்கொண்டு வந்தார். பின்னால் நானும் ராஜாத்தியும். அவரால் சாய முடியாது, படுக்கவும் முடியாது. நான் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவர் நெற்றியை என் தோளில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் நகம் என் கையில் இறங்கியது. வலித்தது, வலிக்கட்டும் என்று இருந்தேன்.

பாதி மலை இறங்கியதும் டவர் கிடைத்தது. என் போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. கம்பைலர்க்காரர்கள். 'சின்னத் திருத்தம், அழகான திருத்தம்' என்று ஒருவர். கட்டைவிரல் படம் போட்டு இன்னொருவர். ஜார்ஜியாக்காரர் நன்றி சொல்லியிருந்தார். அந்த வெளியீட்டை எத்தனை பேர் எடுத்துக்கொண்டார்களோ, எந்தெந்த ஊரில் எதை எதைச் செய்தார்களோ. லிஃப்ட் இருக்கலாம், பாய்லர் இருக்கலாம், ஆஸ்பத்திரி மெஷின் இருக்கலாம். ஒன்றுமே சொல்லாத பெட்டிகள். போனை அணைத்தேன்.

"சொன்னேன் தாயி" என்றார் ராஜாத்தி, என் தோளுக்குள்ளேயே. "சொவரு சுடுதுன்னு கங்காணிகிட்டச் சொன்னேன். அவுக பெட்டியப் பாத்தாக. அதுல ஒண்ணுமில்ல, ஒக்காருன்னாக. பெட்டி சொல்லுறதுதான் சரியா இருக்கும்னு நானும் ஒக்காந்துட்டேன். ஏன் தாயி, அந்தப் பெட்டி ஒண்ணுமே சொல்லல?"

என்னை எஸ்டேட் ஆள் என்று நினைத்திருக்கிறார். இல்லை என்றால் டவுனில் இருந்து வந்த டீச்சர் என்று. பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. இவர் கூட முன் சீட்டில் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார், சொல்லாதே என்று. எனக்குப் பயமாக இருந்தது. தீயைவிட அந்தப் பொம்பளையின் முகம் பயமாக இருந்தது.

"நாந்தான்க்கா" என்றேன். "பெட்டி செஞ்சது எங்க வீட்டுக்காரரு. தப்பு இருந்தா சிவப்பா சொல்லும், சொல்லலேன்னா சரின்னு அவருக்குச் சொல்லிக்குடுத்தது நானு. நீளமா இருந்தா சொல்லாம விட்டுரும்னு எனக்குத் தெரியாமப் போச்சு. சரியாச் சோதிக்கல. அதான் உங்களுக்கு இப்படி ஆயிருச்சு."

அவர் என் தோளில் இருந்து தலையை எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். வையவில்லை. வைதிருந்தால் தாங்கியிருப்பேன். என் கையை விட்டுவிட்டு, ஜீப்பின் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டு, என் மேல் படாமல் ஒதுங்கி உட்கார்ந்தார். அடுத்த வளைவில் வண்டி சட்டென்று ஒடித்துத் திரும்பியது. பின்னால் சரிந்து முதுகு கம்பியில் பட்டுவிட்டது. அவர் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதன் பிறகு மெதுவாக, என்னைப் பார்க்காமல், நெற்றியை மறுபடியும் என் தோளிலேயே வைத்தார். சாய்ந்துகொள்ள அவருக்கு வேறு இடம் இருக்கவில்லை.